நோன்புக்கொட்டைக் கோப்பி

பர்ஸானா ஊரைவிட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பெண்கள் பிடிக்கும் ஆறு நோன்பும் முடிந்த மறுநாள் அது. மன்னார் எருக்கலம்பிட்டிச் சந்தியில் கொழும்பு பஸ் வந்து நின்றபோது அவளுடைய சூட்கேசைத் தூக்கி ஏற்றிவிட்டது அவளைப் பெற்றவர்கள் அல்ல. சந்தியில் கோப்பிக்கடை வைத்திருந்த, அவள் அக்கா முறையில் 'ராத்தா' என்று கூப்பிடும் ஸம்ஸியா. ஏற்றிவிட்டதோடு அவள் நிற்கவில்லை. முக்காட்டுக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு போத்தலை எடுத்து ஜன்னலால் நீட்டினாள். போத்தல் நிறையக் கோப்பித்தூள்.

"என்ன ராத்தா இது? போற இடத்தில கோப்பி இல்லாமலோ?"

"அங்க இருக்கிறது கோப்பி. இது என்ட கோப்பி. தலை இடிச்சா ஒரு கரண்டி போட்டுக் குடி. குடிக்கேக்க என்னை நினை."

"நினைக்காமல்? உங்களை மறந்தா நானும் ஒரு மனிசியோ?"

வீதிக்குக் குறுக்கே நின்ற கழுதையொன்று விலக மனமில்லாமல் விலக, பஸ் புறப்பட்டது. பஸ் பார்வையிலிருந்து மறையும்வரை ஸம்ஸியா கை காட்டிக்கொண்டு நின்றாள். பின்னாளில் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம், கை காட்டிய தன்னுடைய கையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வரும்.

மறக்கவில்லைத்தான் பர்ஸானா. ஸம்ஸியாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தாள்.

ஸம்ஸியாவின் கோப்பியைச் சொல்லாமல் ஸம்ஸியாவைச் சொல்ல முடியாது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்கள் எல்லாரும் மன்னாரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களுக்கு நடுவே வளர்ந்தாள். நோன்பு மாதம் வந்தால் எந்த நாட்டிலிருந்தோ பேரீச்சம்பழம் பெட்டி பெட்டியாக முகாமுக்கு வரும். கோப்பி வராது. அவளுடைய உம்மாவுக்கோ கோப்பி இல்லாவிட்டால் தலையைத் தூக்க முடியாது. துணியால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். ஒருநாள் ஸம்ஸியா பள்ளிவாசல் கொட்டிலில் நோன்பு துறந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஈச்சங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். நன்றாகக் கழுவி, காயவைத்து, வெறும் பால்மா டின்னுக்குள் போட்டுக் கறுக்கக் கறுக்க வறுத்து, கல்லால் இடித்து, கொதிதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். உம்மா ஒரு மிடறு குடித்தாள். பிறகு நெற்றியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டு கேட்டாள்:

"எங்கால வந்தது புள்ள கோப்பி?"

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் அவளுடைய தொழில். சண்டை ஓய்ந்து, கல்யாணமும் முடிந்து, கணவன் சாஹுல் ஹமீடோடு ஊருக்குத் திரும்பியவள் சந்தியில் நாலு தடியும் பின்னிய தென்னோலைக் கிடுகுமாக ஒரு கடை போட்டாள். இப்போது ஈச்சங்கொட்டையோடு உண்மையான கோப்பிக்கொட்டையும் சேர்ந்தது. மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்ந்தன. வறுக்கிற நெருப்புக்கு அவள் விறகு வைப்பதில்லை. ஊமல்தான் வைப்பாள். ஊமல் என்பது உள்ளே ஒன்றுமில்லாமல் காய்ந்துபோன பனங்கொட்டை. அது சடசடவென்று எரியாது. சாம்பல் பூத்துக்கொண்டு, உள்ளே மட்டும் கனன்றுகொண்டிருக்கும். ஈச்சங்கொட்டை கல்லுப் போன்றது. அவசர நெருப்பில் மேலே கருகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். ஊமல் நெருப்பில்தான் அதன் நடுநெஞ்சுவரை சூடு போகும்.

கொட்டைக்கு அவள் எங்கும் அலைந்ததில்லை. நோன்பு பிறக்கும்போது தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு போத்தல் கொடுத்துவிடுவாள். நோன்பு துறக்கும்போது வாயில் போட்ட பழத்தின் கொட்டை போத்தலுக்குள் விழும். பள்ளியில் விழுகிற கொட்டைகளும் ஒரு பெட்டியில் சேரும். பெருநாளோடு எல்லாம் அவளிடம் வரும். சாம்பல்தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அவித்து, தகரத்தின் மேல் வெயிலில் போட்டு, வறுத்து, இடித்து முடிய ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிடும். அப்போது கொட்டை தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காகிதப் பக்கெட் தூள் போகும். எழுதாத ஒப்பந்தம். "எங்கட வாயில போனது எங்கட வாய்க்கே வருகுது" என்று தெருவின் மூத்த பெண்ணான உம்மு ஸல்மா மாமி ஒவ்வொரு வருடமும் அதே பகிடியைச் சொல்லுவாள். ஒவ்வொரு வருடமும் எல்லாரும் சிரிப்பார்கள்.

பர்ஸானா அந்தக் கடையில் சில வருடம் நின்றவள். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த பெண்ணை ஸம்ஸியாதான் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். கொட்டை மூன்றாம் அவியலில் எப்படி மணக்கும், எந்தக் கறுப்பில் சட்டியை இறக்க வேண்டும், வேர்க்கொம்பை ஏன் கடைசியில் போட வேண்டும் என்று ஒன்றும் ஒளிக்காமல் காட்டிக் கொடுத்தாள். தனக்குப் பெண்பிள்ளை இல்லை என்ற குறை அந்த நாட்களில் அவளுக்குத் தெரியவில்லை.

பர்ஸானா கொழும்பில் ஹோட்டல் வேலை படித்து, மாலைதீவில் ஏதோவொரு பெரிய விடுதியில் கோப்பி போட்டுக் கொடுத்து, சில வருடங்களில் திரும்பி வந்தாள். வந்தவள் ராத்தாவைப் பார்க்க வரவில்லை. களைப்பாக இருக்கும் என்று ஸம்ஸியா நினைத்தாள். பிறகு, வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். தலைமன்னார் வீதியில் பனங்கூடலுக்குள் பர்ஸானா கடை கட்டுகிறாள் என்று சாஹுல் ஹமீட் ஓட்டோ ஓட்டிக்கொண்டு வந்து சொன்னபோது, கடை திறக்க என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தாள்.

கடைக்குப் பெயர் 'பனைவாடி'. கிடுகுக் கூரை, கிடுகு வேலி, ஓலைப்பாய், கோப்பி குடிக்கத் தேங்காய்ச் சிரட்டை, உறிஞ்சிக் குடிக்கப் பப்பாசித் தண்டுக் குழல், வெளிச்சத்துக்குக் கூரையில் மின்சாரம் தரும் வெயில் தகடு. ஒரு துண்டு பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. கோப்பி மண்டியும் வாழைப்பழத் தோலும் உரமாகிப் பின்னாலுள்ள கத்தரிக்குப் போகும். பறவை பார்க்க வருகிற வெள்ளைக்காரரும், கடலில் பட்டம் பிடித்துப் பலகையில் ஓட வருகிற பெடியன்களும், கொழும்பிலிருந்து கார் எடுத்து வருகிற குடும்பங்களும் அங்கேதான் இறங்கினார்கள். இயற்கைக்கு ஒரு கீறல்கூட விழாத கடை என்று எல்லாரும் புகழ்ந்தார்கள்.

அந்தக் கடையின் பெயர்போன பானம், ஈச்சங்கொட்டைக் கோப்பி.

அதைக் கேட்டபோதுகூட ஸம்ஸியா பொறுத்துக்கொண்டாள். அவளைத் தைத்தது அந்த வருட நோன்பு. வழக்கம்போலப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீட்டிலேயே வாசலில் அழகான ஒரு பனையோலைப் பெட்டி தொங்கியது. மூடியில் 'பனைவாடி' என்று சாயநாரால் இழைத்திருந்தது.

"உங்களுக்கும் பர்ஸானாவுக்கும் சேர்த்துத்தானே?" என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டெண்டுதான் நாங்கள் நினைச்சனாங்கள்."

பள்ளியிலும் ஓலைப்பெட்டி. எல்லா வீட்டிலும் ஓலைப்பெட்டி. பெருநாள் முடிய ஸம்ஸியாவின் கையில் சேர்ந்த கொட்டை ஒரு சட்டிக்கும் காணாது. அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தெருவுக்குத் தூள் போகவில்லை. சந்திக் கடையில் வெறும் தேத்தண்ணீர்தான். பர்ஸானா எல்லா வீட்டுக்கும் சவர்க்காரமும் ஓலைத்தட்டும் அனுப்பியிருந்தாள். ஸம்ஸியா வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதை அவள் பிரிக்காமல் அப்படியே அடுப்புக்குள் வைத்தாள். ஓலை என்றபடியால் நன்றாக எரிந்தது.

அன்றிலிருந்து மனதுக்குள் கறுவத் தொடங்கினாள். சாம்பல் பூத்த ஊமல் போல வெளியே ஒன்றும் தெரியாது. தேத்தண்ணீர் ஆற்றுவாள், வருகிறவர்களோடு சிரித்துப் பேசுவாள், உள்ளே கனன்றுகொண்டிருப்பாள்.

சாஹுல் ஹமீடுக்கு மட்டும் மணத்தது. "இஞ்ச பார், கோப்பிக்காக ஒருத்தியோட பகை பிடிக்கிற மனிசியை நான் இப்பத்தான் காணுறன்" என்றார்.

"கோப்பிக்காக இல்லை."

"பின்ன என்னத்துக்கு?"

"சுவரில என்ன எழுதி வைச்சிருக்கிறாள் எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்?"

சொன்னது அவர்தான். பனைவாடிச் சுவரில் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தது: 'மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் காத்துவந்த கோப்பி.' பர்ஸானாவின் வாப்பா லொறி ஓட்டியவர்; வாழ்நாளில் ஒரேஞ்ச் சோடாவைத் தவிர வேறொன்றையும் விரும்பிக் குடித்ததில்லை. அதற்கு முந்திய தலைமுறை கருவாடு விற்றது.

"அவள் விக்கட்டும்" என்றாள் ஸம்ஸியா. "கொட்டையையும் கொண்டு போகட்டும். ஆனா ஆர்ர கோப்பி எண்டு நாலு பேருக்கு முன்னால அவள்ர வாயால சொல்லோணும். சொல்லேல்லையெண்டால், அந்த வாடியில இலையான்தான் மொய்ச்சுக் கோப்பி குடிக்கும். நான் சொன்னது எண்டு எழுதி வையுங்கோ."

"எழுதி வைக்க எனக்குப் பலகை இல்லை" என்றுவிட்டு அவர் ஓட்டோவைக் கழுவப் போய்விட்டார்.

பொலித்தீன் ஒழிப்பு நாள் என்று ஏதோவொரு நாளுக்குப் பனைவாடியில் கூட்டம் வைத்தார்கள். அரசாங்கக் கந்தோர்களிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரக் கூட்டமொன்றும் வழிகாட்டியோடு வந்திருந்தது. தெருப் பெண்கள் எல்லாருக்கும் அழைப்பு, கொட்டை தந்த நன்றிக்காக. அழைப்பு ஸம்ஸியாவுக்கும் வந்தது. அவள் பெருநாள் சேலையை எடுத்து உடுத்தாள்.

வாசலில் நின்ற பெண் அவளுடைய கையைப் பார்த்தாள். "மாமி, சொப்பின் பேக்கை உள்ளுக்குக் கொண்டுபோகேலாது."

"பையை மட்டுந்தானே வேண்டாம் எண்டுறாய்? என்னை விடுவியோ?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, பைக்குள் இருந்த குடையையும் கண்ணாடியையும் ஓர் ஓலைக்கூடைக்கு மாற்றிக் கொடுத்தாள். அதற்குள் பர்ஸானா கண்டுவிட்டாள். மாலைதீவு அவளுக்கு நல்ல நிறமும் நிமிர்ந்த நடையும் கொடுத்திருந்தது.

"ராத்தா! வரமாட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சன்!"

"கூப்பிட்டால் வராமல்? நீ போகேக்கயும் வந்தனான்தானே, சூட்கேஸ் தூக்க."

பர்ஸானாவின் சிரிப்பு ஒரு கணம் நின்று, திரும்பவும் தொடர்ந்தது. முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு கதிரை காட்டினாள். சிரட்டையில் கோப்பி வந்தது. கூடவே ஓலைத்தட்டில் இரண்டு பேரீச்சம்பழம்.

கோப்பி பிழையாக இருக்கவேண்டும் என்று ஸம்ஸியா வழி முழுக்க ஆசைப்பட்டுக்கொண்டு வந்தாள். எங்காவது கருகியிருக்க வேண்டும், வேர்க்கொம்பு முந்தியிருக்க வேண்டும், அவியல் போதாமல் ஒரு துவர்ப்பு நிற்க வேண்டும். ஒன்றும் இல்லை. நாக்கில் பட்டவுடன் மல்லி, அதற்குப் பின்னால் கசப்பு, தொண்டையில் இறங்கும்போது வேர்க்கொம்பு. ஊமல் நெருப்பின் மணம்கூட இருந்தது. இடித்தவள் மட்டும் வேறு. தன் வயிற்றில் பிறந்த பிள்ளை தன்னை யாரென்று கேட்டதுபோல இருந்தது அவளுக்கு.

பர்ஸானா மைக் பிடித்துப் பேசினாள். மண்ணைப் பற்றிப் பேசினாள், கடலைப் பற்றிப் பேசினாள், ஆமையின் வயிற்றுக்குள் போகிற பொலித்தீனைப் பற்றிப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். பிறகு சிரட்டையைத் தூக்கிக் காட்டி, "வீசுகிற கொட்டையைக்கூட வீணாக்காமல் எங்கட குடும்பம் மூண்டு தலைமுறையா..." என்று தொடங்கினாள்.

ஸம்ஸியா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பர்ஸானா, ஒரு கேள்வி கேக்கட்டோ?"

"கேளுங்கோ ராத்தா."

"இந்தக் கோப்பியை உனக்கு ஆர் பழக்கித் தந்தது?"

தெருப் பெண்கள் எல்லாரும் பர்ஸானாவைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். ஒரேயொரு பெயரைச் சொல்லியிருந்தால் ஸம்ஸியா அழுதுகொண்டு போய் அவளைக் கட்டிப்பிடித்திருப்பாள். கதை அங்கேயே முடிந்திருக்கும். பர்ஸானா சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். கந்தோர்ப் பெரியவர்களைப் பார்த்தாள்.

"வீட்டிலதான் ராத்தா," என்றாள் சிரித்துக்கொண்டு. "நீங்களும் எங்கட வீட்டு ஆள் மாதிரித்தானே!"

கூட்டம் கை தட்டியது.

ஸம்ஸியா உட்காரவில்லை. நின்றபடியே ஓலைத்தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டாள். அவசரப்படவில்லை. கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, சதையைத் தின்று, கொட்டையைச் சூப்பினாள். பிறகு அதை உள்ளங்கையில் துப்பினாள். ஈரத்தில் பளபளத்த கொட்டையைக் கொண்டுபோய் முன்வரிசையில் இருந்த பெரிய கந்தோர் அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த அம்மா அப்போது இரண்டாவது சிரட்டை குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாருங்கோ அம்மா. இதுதான் நீங்கள் குடிக்கிறது. கடையில வாங்கின கொட்டை இல்லை. பெட்டி வைச்சு வீடு வீடாச் சேர்க்கிறவள். கிழவன்ட வாய், பொக்கை வாய், வெத்திலை வாய், இருமல்காரன்ட வாய் எண்டு ஊருக்குள்ள எத்தினை வாயில உருண்ட கொட்டையோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். இயற்கைக் கோப்பியாம்! ஊர் எச்சில் இது. ஊர் எச்சிலைத்தான் இவள் சிரட்டையில ஊத்தித் தாறாள்!"

கந்தோர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சிலர் வேலியோரம் போய்த் துப்பினார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கூட்டத்தில் நரைத்த தலையோடு ஒருத்தி, என்ன நடந்தது என்று வழிகாட்டியைக் கேட்டாள். அவன் சங்கடப்பட்டுச் சங்கடப்பட்டுச் சொன்னான். அவள் புருவத்தைத் தூக்கித் தன் சிரட்டைக்குள் பார்த்தாள், பிறகு இன்னொன்று தரச்சொல்லிக் கையைக் காட்டினாள். இதையெல்லாம் ஸம்ஸியா கண்டாள். வெள்ளைக்காரிக்கு எச்சிலைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள்.

உம்மு ஸல்மா மாமியும் அங்கே இருந்தாள். சிரட்டையைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மற்றத் தெருப் பெண்களும் பின்னால் போனார்கள். அவர்கள் எழுந்து போனதை ஸம்ஸியா தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டாள்.

வாசலில் பர்ஸானா அவளை மறித்தாள். கண் சிவந்திருந்தது. யாருக்கும் கேட்காத குரலில், "ராத்தா, இது உங்கட கோப்பியும்தானே" என்றாள்.

"ஆ! இப்ப வருகுது வார்த்தை. இதைத்தான் அஞ்சு நிமிசத்துக்கு முதல் மைக்கில சொல்லச் சொன்னனான்." ஓலைக்கூடையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் பையை வாங்கிக்கொண்டாள். "இந்தா, உன்ட கூடை."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குப் பசித்தது. பல மாதத்துக்குப் பிறகு வந்த பசி. அடுப்பை மூட்டி, மீன் பொரித்து, வயிறு முட்டச் சாப்பிட்டாள்.

'எச்சில் கோப்பி' என்ற பெயர் போனுக்குப் போன் பாய்ந்தது. கார்கள் பனைவாடியில் நிற்காமல் தலைமன்னாருக்கு நேரே போயின. சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்கள் வந்து பார்த்தார்கள். கொட்டையை அவிக்கிற முறை சரியென்றுதான் சொன்னார்களாம். யார் கேட்டார்கள்? அந்த வருட மழைக்கு முதல் பர்ஸானா கடையைச் சாத்தினாள். இந்த முறை ரயிலில் போனாள் என்று கேள்வி. சூட்கேஸ் தூக்கிவிட யாரும் போகவில்லை.

பிறகுதான் கழுதைகள் வந்தன. மன்னாரில் கழுதைக்குச் சொந்தக்காரனும் இல்லை, வேலையும் இல்லை, கிடைத்ததைத் தின்னும். பிளாஸ்டிக் கடையென்றால் மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். பனைவாடியிலோ இருந்ததெல்லாம் தின்னக் கூடியவை. முதலில் கத்தரியைத் தின்றன. பிறகு ஓலைத்தட்டு, ஓலைப்பெட்டி, பாய். பிறகு கிடுகு வேலியை ஒரு பக்கத்திலிருந்து தொடங்கின.

சாஹுல் ஹமீடின் ஓட்டோ அந்த வழியால் போகும்போதெல்லாம் ஸம்ஸியா பின்னாலிருந்து அவருடைய தோளைத் தட்டுவாள். "இஞ்சேருங்கோ, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"அந்தக் கழுதைக்குட்டி கூரைக்கு எட்டுதோ எண்டு பாப்பம்."

"உனக்கு இப்ப சந்தோசமோ?"

"இன்னும் அரை வேலி கிடக்கு."

அவர் தலையை ஆட்டினார். "தன்ட மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை எண்டு சும்மாவோ சொன்னவங்கள்?"

"என்ட மூக்கு இருக்கிற இடத்திலதான் இருக்குது" என்றாள் ஸம்ஸியா.

அது இல்லை என்பது அடுத்த நோன்புக்குத்தான் தெரிந்தது.

ஓலைப்பெட்டிகள் ஒழிந்துவிட்ட தெருவில் அவள் பழையபடி வீட்டுக்கு வீடு போத்தல் கொடுத்தாள். எல்லாரும் வாங்கி வைத்தார்கள். பெருநாள் கழிந்து எடுக்கப் போனபோது போத்தல்கள் கழுவித் துடைத்தபடி, மூடி இறுக்கியபடி, வெறுமையாக இருந்தன. பள்ளிப் பெட்டியும் வெறுமை. கடைசியில் உம்மு ஸல்மா மாமி வீட்டுக்குப் போனாள்.

"எங்க மாமி கொட்டையெல்லாம்?"

"குப்பையில போட்டம்."

"குப்பையிலயோ?"

"வேற எங்க போடுறது? எச்சிலெல்லோ?"

ஸம்ஸியாவுக்கு முகம் சுட்டது. "நான் பர்ஸானாவுக்குத்தானே மாமி சொன்னனான்."

"பர்ஸானா களவெடுத்தவள்தான். இல்லையெண்டு ஆர் சொன்னது? அண்டைக்கு நீ அவளைக் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நான் மனசுக்குள்ள, கேளடி புள்ள, நல்லாக் கேள் எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தனான்." மாமி வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தாள். "ஆனா அந்தக் கொட்டை அவள்ர வாயில இருந்தோ வந்தது? எங்கட வாயில இருந்து வந்தது. விடிய இருந்து ஒரு சொட்டுத் தண்ணி படாமல் காய்ஞ்சு கிடந்த வாய். நோன்பாளிர வாய் கஸ்தூரியை விட வாசம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிற ஊரில, அதை எச்சில் எண்டு ஊர்ப் பெரியாக்களுக்கு முன்னால துப்பிக் காட்டினாய். பொக்கை வாய் எண்டு ஆரைச் சொன்னனீ? என்னையோ?"

ஸம்ஸியா வாயைத் திறந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கோ மாமி என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அன்று செய்தது பிழையென்று ஆகிவிடும். பிழையென்று ஆனால் பர்ஸானா பக்கம் ஒரு துளி நியாயம் போய்விடும். ஒரு துளிகூடக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லை விழுங்கிவிட்டு, வெறும் போத்தல்களைக் கூடைக்குள் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு சந்திக் கடையில் தேத்தண்ணீரும் வடையும்தான். வறுக்கிற சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கடையில் கொட்டை வாங்க வழியில்லை. பழத்தை வாங்கித் தின்று கொட்டை சேர்க்க ஒரு வீட்டு வாய் போதாது. பழைய ஆட்கள் யாராவது "கோப்பி இல்லையோ?" என்று கேட்டால், "இல்லை" என்பாள். பக்கத்தில் நிற்கிறவன் "எச்சில் கோப்பியோ?" என்று இளிப்பான். அந்தப் பெயரை ஊருக்குக் கொடுத்தவளே அவள் என்பதால் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் தோற்றுவிட்டதாக அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. எனக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. கணக்குச் சரி. அந்த நினைப்பு ஒரு கை ஊமல் போல. அதை ஊதி ஊதிக் குளிர்காய்ந்துகொண்டு நாட்களைக் கொண்டு போனாள். பனைவாடியில் இப்போது நாலு மரத்தூணும் வெயில் தகடும்தான் மிச்சம். கழுதைக்கு அவை ஆகா.

நோன்புகள் வந்து போயின. ஒரு பெருநாள் கழிந்து, பெண்கள் ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்த நாளில், ஸம்ஸியா கடையில் கண்ணாடிக் கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. தெரியாத இலக்கம். முதலில் ஒரு படம் திறந்தது. பனிமூட்டம் கவிந்த மலையடிவாரத்தில் மரத்தால் கட்டிய சின்னக் கடை. வாசலில் வரிசை. கல்லாவுக்குப் பின்னால் பர்ஸானா. அவளுக்குப் பக்கத்தில், அன்று இரண்டாவது சிரட்டை கேட்ட நரைத்த தலை வெள்ளைக்காரி. அவர்களுக்கு மேலே சுவரை நிறைத்து ஒரு பலகை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஸம்ஸியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பலகையில் இருந்தது அவளுடைய பெயர். தன் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவள் எங்கும் கண்டதில்லை. ஒரு கணம், ஒரேயொரு கணம், நெஞ்சு துள்ளி நின்றது.

பிறகு படத்துக்குக் கீழே எழுத்து வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. மலைநாட்டில, எல்ல எண்ட ஊரில கடை திறந்து நல்லாப் போகுது. 'நோன்புக்கொட்டைக் கோப்பி' எண்டு பேர். நோன்பு பிடிச்ச ஆக்கள்ர வாயில இருந்து வந்த கொட்டை எண்ட கதையைக் கேட்டுத்தான் இவ்வளவு சனமும் வருகுது. அதை ஒளிக்கோணும் எண்டுதான் நான் பயந்துகொண்டு இருந்தனான். அண்டைக்கு நீங்கள் அவ்வளவு சத்தமாச் சொன்னபடியால்தான் அதைச் சொல்லியே விக்கலாம் எண்டு இந்த வெள்ளைக்கார அம்மாவுக்குத் தோணினது. நீங்கள் கேட்டபடி நாலு பேருக்கு முன்னால உங்கட பேரைப் போட்டிட்டன், பாருங்கோ. உம்மு ஸல்மா மாமியிட்ட போய் மன்னிப்புக் கேட்டனான். இந்த வருசக் கொட்டையைத் தெருவால எல்லாரும் சேர்த்து பஸ்ஸில ஏத்தி விட்டிருக்கினம். வறுத்து முடிய ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுக்கு வீடு தூள் வரும். உங்கட வீட்டுக்கும் ஒரு பக்கெட் போட்டிருக்கிறன். குடிக்கேக்க என்னை நினையுங்கோ."